கொள்ளைநோய்க்குப் பின் தீவுகள்: பிஜி, சமோவா நாடுகளின் நலவாழ்வுத் திட்டமிடல் வரலாறு (1875–2022)

ஆய்வுச் சுருக்கம்

பசிபிக் பெருங்கடலின் சிறுதீவு நாடுகள் கடந்த ஒன்றரை நூற்றாண்டில் கடல்வழியும் வான்வழியும் வந்த கொள்ளைநோய்களால் பலமுறை தாக்குண்டன. ஒவ்வொரு தாக்குதலுக்குப் பின்னும் ஆட்சியாளர்கள் நலவாழ்வு அமைப்பைத் திருத்தியமைக்க முயன்றனர். 1875ஆம் ஆண்டின் பிஜித் தட்டம்மை, 1918ஆம் ஆண்டின் சமோவா இன்ஃபுளுவென்சா, 2019ஆம் ஆண்டின் சமோவாத் தட்டம்மை, 2020–22ஆம் ஆண்டுகளின் கோவிட் ஆகிய நான்கு நிகழ்வுகளையும், அவற்றைத் தொடர்ந்த நிறுவன மாற்றங்களையும் இக்கட்டுரை ஒப்பிட்டு ஆராய்கிறது. துறைமுகக் காப்பு ஒரு தீவுக்குக் காலத்தை ஈட்டித் தருகிறது. அக்காலத்தில் ஊர்தோறும் பயிற்சி பெற்ற பணியாளர்களும் மக்களின் நம்பிக்கையும் வளர்க்கப்பட்டனவா என்பதே அடுத்த நோயின் விளைவைப் பெரிதும் முடிவு செய்கிறது என்பது கட்டுரையின் மையக் கருத்து.

திறவுச்சொற்கள்: பிஜி, சமோவா, கொள்ளைநோய், தனிமைப்படுத்தல், ஒப்பந்தக் கூலிமுறை, சுவா மருத்துவப் பள்ளி, மகளிர் குழுக்கள், தடுப்பூசி.

1. முன்னுரை

தமிழ்ப் படிப்பாளர்களுக்குப் பிஜித் தீவு பெரும்பாலும் பாரதியாரின் வழியே அறிமுகமானது. கரும்புத் தோட்டங்களில் உழைத்த இந்தியப் பெண்களின் துயரம் அப்பாடலின் பொருள். அந்தத் தோட்டங்களுக்கு இந்தியத் தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டதற்குப் பின்னால் ஒரு கொள்ளைநோயின் வரலாறும் இருந்தது என்பது அத்துணை அறியப்படாத செய்தி. தீவின் பழங்குடி மக்களில் நான்கில் ஒரு பங்கினரைத் தட்டம்மை கொன்றதும், எஞ்சியோரைத் தோட்ட வேலையிலிருந்து விலக்கிக் காக்க ஆட்சி முனைந்ததும், அவ்விடத்தை நிரப்பக் கடல் கடந்து ஆள் சேர்த்ததும் ஒன்றையொன்று தொடர்ந்து நிகழ்ந்தவை.

சிறுதீவு நாடுகளின் நலவாழ்வுத் திட்டமிடல் பெருநிலப்பரப்பு நாடுகளின் திட்டமிடலிலிருந்து மூன்று வகையில் வேறுபடுகிறது. முதலாவது, நோய் நுழையும் வாயில்கள் எண்ணிக்கையில் குறைவு. ஒரு துறைமுகமோ ஒரு விமான நிலையமோ அடைக்கப்பட்டால் நாடே அடைக்கப்பட்டதாகும். இரண்டாவது, நோய் நுழைந்துவிட்டால் ஒதுங்க வேறிடம் இல்லை. எல்லா ஊர்களும் ஒரே காலத்தில் படுக்கையில் விழக்கூடும். மூன்றாவது, மக்கள்தொகை சிறிது. எனவே மருத்துவக் கல்லூரி, ஆய்வகம், மருந்துக் கொள்முதல் ஆகியவற்றைத் தனித்து நடத்தும் வலிமை பல தீவுகளுக்கு இல்லை. இம்மூன்று இயல்புகளும் வரலாற்றில் எவ்வாறு செயற்பட்டன என்பதைப் பிஜி, சமோவா ஆகிய இரு தீவுக்கூட்டங்களின் சான்றுகளைக் கொண்டு இனிக் காணலாம்.

2. 1875: பிஜியில் தட்டம்மை

1874 அக்டோபர் 10 அன்று பிஜித் தலைவர்கள் தம் தீவுகளைப் பிரித்தானிய முடியாட்சிக்கு ஒப்படைத்தனர். அவர்களுள் முதன்மையானவரான தாக்கொம்பாவு, தம் மக்களுடன் சிட்னி நகருக்குச் சென்று, டைடோ என்னும் போர்க்கப்பலில் 1875 சனவரியில் லெவுகா துறைமுகத்திற்குத் திரும்பினார். சிட்னியில் அவருக்கும், திரும்பும் வழியில் அவருடைய மக்களுக்கும் தட்டம்மை கண்டிருந்தது. கப்பல் தனிமைப்படுத்தப்படவில்லை. தலைவரை வரவேற்கவும், புதிய ஆட்சியைப் பற்றிப் பேசவும் பல பகுதிகளிலிருந்து வந்து கூடிய தலைவர்களும் அவர்தம் பரிவாரத்தாரும் நோயை ஏற்று ஊர் திரும்பினர். சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 1,50,000 எனக் கணிக்கப்பட்ட மக்களுள் ஏறத்தாழ 40,000 பேர் மாண்டனர்.

அம்மக்களுக்குத் தட்டம்மை முன்பின் அறியாத நோய். எவர் உடலிலும் அதற்கு எதிர்ப்பாற்றல் இல்லை. ஆயினும் இறப்பின் அளவை நோய்க்கிருமியைக் கொண்டு மட்டும் விளக்கிவிட முடியாது. குழந்தைகளோடு பெற்றோரும் பாட்டன் பாட்டியரும் ஒரே வாரத்தில் படுத்தமையால், உணவு சமைக்கவும் நீர் மொண்டு கொடுக்கவும் ஆள் இல்லாமற் போயிற்று. காய்ச்சலைத் தணிக்க ஓடைகளில் இறங்கியோரும், தட்டம்மையைத் தொடர்ந்த வயிற்றுளைச்சலுக்கு ஆளானோரும், பராமரிப்பின்றிப் பட்டினியால் தளர்ந்தோரும் பலர். உடனிருந்து பேணுவார் இன்மையும் கிருமியோடு சேர்ந்து அவர்களைக் கொன்றது.

இதன் அரசியல் விளைவும் கருதத்தக்கது. நாட்டை ஒப்படைத்த ஏறத்தாழ மூன்று மாதங்களில் நோய் வந்தமையால், அது வெள்ளையர் வேண்டுமென்றே அனுப்பியது என்ற ஐயம் பரவியது. வீட்டி லெவு தீவின் மலைவாழ் மக்கள் பலர் புதிய சமயத்தையும் புதிய ஆட்சியையும் ஒருங்கே மறுத்தனர். 1876ஆம் ஆண்டு அம்மலைப்பகுதியில் போர் மூண்டது. கொள்ளைநோய் மக்கள்தொகையைக் குறைத்ததோடு, ஆள்வோர்மீது மக்கள் கொண்ட நம்பிக்கையையும் குறைத்தது.

3. லியோனிடாசு கப்பலும் தனிமைத்தீவும்

1875 சூனில் ஆளுநராகப் பொறுப்பேற்ற ஆர்தர் கார்டன், பிஜி மக்கள் அழிந்துவிடுவர் என்னும் அச்சத்தை ஆட்சிக் கொள்கையின் அடிப்படையாக ஆக்கினார். அவர்களைத் தோட்ட முதலாளிகளின் வேலைக்கு இழுத்தல் கட்டுப்படுத்தப்பட்டது. கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவருவது என முடிவாயிற்று. அவ்வாறு வந்த முதற்கப்பல் லியோனிடாசு. கல்கத்தாவிலிருந்து புறப்பட்டு 1879 மே மாத நடுவில் லெவுகாவை அடைந்தபோது அதில் வாந்திபேதியும் பெரியம்மையும் கண்டிருந்தன.

நான்கே ஆண்டுகளுக்கு முந்தைய பேரழிவு அதிகாரிகளின் நினைவில் பசுமையாக இருந்தது. தலைமை மருத்துவ அலுவலர் வில்லியம் மெக்கிரிகர் பயணிகளை லெவுகாவிற்கு அருகிலுள்ள யனுசா லைலை என்னும் சிறுதீவில் இறக்கித் தனிமைப்படுத்தினார். தீவைச் சுற்றிக் காவல் இடப்பட்டது. ஆகஸ்டு வரை நீண்ட இத்தனிமைக்குப் பின் தொழிலாளர்கள் பிஜியின் நிலத்தில் கால்வைத்தனர். பெரியம்மை பிஜி மக்களிடையே பரவவில்லை. பின்னாளில் சுவா துறைமுகத்தின் எதிரிலுள்ள நுக்குலாவு தீவு வந்திறங்குவோருக்கான நிலையான தனிமை முகாமாயிற்று. 1903 முதல் சென்னைத் துறைமுகத்தின் வழியே ஏற்றப்பட்ட ஏறத்தாழ 15,000 தென்னிந்தியர்களும் இம்முகாம் அமைப்பைக் கடந்தே தோட்டங்களுக்குச் சென்றனர். 1916ஆம் ஆண்டு வரை பிஜிக்கு வந்த ஒப்பந்தத் தொழிலாளர் 60,000-க்கும் மேற்பட்டோர். அவருள் தென்னிந்தியர் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர்.

லியோனிடாசு நிகழ்வு துறைமுகக் காப்பின் வெற்றியாகவே எண்ணத்தக்கது. எனினும் அக்காப்பு யாரை யாரிடமிருந்து காத்தது என்ற வினா எஞ்சுகிறது. புலம்பெயர்ந்தோர் நோயின் ஊற்றாகக் கருதப்பட்டுக் கரையில் நிறுத்தப்பட்டனர். தோட்டத்திற்குள் சென்றபின் அவர்தம் உடல்நலம் முதலாளிகள் நடத்திய தோட்ட மருத்துவமனைகளின் பொறுப்பாயிற்று. ஒரே தீவில் பழங்குடி மக்களுக்கு ஒரு நலவாழ்வு அமைப்பும் தொழிலாளர்களுக்கு வேறோர் அமைப்பும் என்னும் பிரிவு இவ்வாறு தொடக்கத்திலேயே வேரூன்றியது.

4. சுவா மருத்துவப் பள்ளி: காப்பிலிருந்து பயிற்சிக்கு

கப்பலைத் தடுத்து நிறுத்துவது நிலையான வழியன்று என்பதை லியோனிடாசு உணர்த்தியது. ஒவ்வோராண்டும் கப்பல்கள் வரும். ஏதேனும் ஒன்றில் நோய் தப்பி நுழையும். எனவே மக்களுக்கு அம்மைப்பால் வைக்கவேண்டும். நூற்றுக்கும் மேற்பட்ட தீவுகளில் பரவிக்கிடந்த ஊர்களுக்கு அதை எடுத்துச் செல்லப் போதிய ஐரோப்பிய மருத்துவர்கள் இல்லை. இத்தேவையிலிருந்து பிறந்ததே 1885ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட சுவா மருத்துவப் பள்ளி. பிஜி இளைஞர்களுக்கு அம்மை குத்துதலில் பயிற்சியளிப்பது அதன் தொடக்க நோக்கம். மூன்றாண்டுப் பயிற்சி முடித்தோர் உள்நாட்டு மருத்துவர் என்னும் பெயரில் மாவட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். ஊர்மக்களின் மொழியைப் பேசி, ஊர்த் தலைவரின் முன் அமரும் முறையறிந்து பணிசெய்தவர்கள் இவர்கள்.

பள்ளி தொடங்கியதனால் மட்டும் நிலைமை மாறிவிடவில்லை. 1881ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் ஏறத்தாழ 1,15,000-ஆக இருந்த பிஜிப் பழங்குடியினர் 1921இல் ஏறத்தாழ 84,000-ஆகக் குறைந்தனர். இச்சரிவை ஆராய 1893இல் அமைக்கப்பட்ட குழு, 1896இல் வெளியிட்ட அறிக்கையில் குழந்தை இறப்பின் மிகுதியைச் சுட்டியது. அதாவது கொள்ளைநோயின் அதிர்ச்சி ஒரு நிறுவனத்தைத் தோற்றுவித்தது. ஆனால் அமைதிக்காலத்தில் நாள்தோறும் நிகழும் இறப்புகளைத் தடுக்கும் ஆற்றலை அந்நிறுவனம் பெற மேலும் பல பத்தாண்டுகள் தேவைப்பட்டன.

1928ஆம் ஆண்டின் இறுதியில் இப்பள்ளி மத்திய மருத்துவப் பள்ளியாக விரிவாக்கப்பட்டது. ராக்பெல்லர் அறக்கட்டளையின் மருத்துவர் சில்வெசுடர் லாம்பர்ட் இதற்கு உந்துதலாக இருந்தார். சமோவா, தொங்கா, குக் தீவுகள், கில்பர்ட் தீவுகள், சாலமன் தீவுகள் ஆகியவற்றின் மாணவர்கள் ஒரே கூரையின்கீழ்ப் பயின்றனர். தனித்தனியே மருத்துவக் கல்வி நடத்த இயலாத தீவுகள் ஒன்றுகூடி ஒரு பள்ளியை நடத்துதல் என்னும் இம்முறை, சிறுதீவுகளின் மூன்றாவது இயல்பான சிறுமைக்குக் காணப்பட்ட நிலைத்த தீர்வாகும். 1961இல் பிஜி மருத்துவப் பள்ளி எனப் பெயர்பெற்ற இந்நிறுவனம், 2010இல் பிஜி தேசியப் பல்கலைக்கழகத்துடன் இணைந்து இன்றும் பசிபிக் தீவுகளுக்கு மருத்துவர்களை உருவாக்கி வருகிறது.

5. 1918: ஒரு நோய், இரு சமோவாக்கள்

சமோவாத் தீவுக்கூட்டம் 1900 முதல் இரு ஆட்சிகளின்கீழ்ப் பிரிந்திருந்தது. மேற்குப் பகுதி செருமனியிடமும், 1914 ஆகஸ்டு முதல் நியூசிலாந்துப் படையிடமும் இருந்தது. கிழக்குப் பகுதி அமெரிக்கக் கடற்படையின் ஆட்சியில் இருந்தது. மொழி, உறவு, வழக்காறு ஆகியவற்றில் ஒன்றான மக்கள் குறுகிய கடல் இடைவெளியில் இரு நிர்வாகங்களின்கீழ் வாழ்ந்தனர். இதனால் 1918ஆம் ஆண்டின் நிகழ்வு நலவாழ்வு வரலாற்றில் அரிதான ஒப்பீடாக அமைகிறது.

இன்ஃபுளுவென்சா மிகுந்திருந்த ஆக்லாந்திலிருந்து புறப்பட்ட தலூன் என்னும் கப்பல், பிஜி வழியாக 1918 நவம்பர் 7 அன்று மேற்குச் சமோவாவின் அப்பியா துறைமுகத்தை அடைந்தது. பயணிகளுள் நோயுற்றோர் இருந்தும் கப்பல் தனிமைப்படுத்தப்படவில்லை. இரு மாதங்களுக்குள் ஏறத்தாழ 38,000 மக்களுள் 8,500 பேர், அதாவது ஐந்தில் ஒரு பங்கினருக்கும் மேற்பட்டோர், மாண்டனர். 1875ஆம் ஆண்டின் பிஜிக் காட்சி மீண்டும் நிகழ்ந்தது: வீடுதோறும் அனைவரும் படுத்திருக்க, உணவளிப்பார் இல்லை, இறந்தோரைப் பொதுக்குழிகளில் புதைக்க வேண்டியதாயிற்று. அமெரிக்கச் சமோவாவிலிருந்து உதவி வழங்க முன்வந்த செய்தியை நிர்வாகி இராபர்ட் லோகன் ஏற்கவில்லை. அத்தீவுடனான கம்பியில்லாத் தந்தித் தொடர்பையும் நிறுத்தினார்.

கிழக்கில் ஆளுநர் ஜான் பாயர், தந்தி வழியாக நோயின் பரவலை அறிந்து, வருங்கப்பல்கள் அனைத்தையும் தனிமைப்படுத்தினார். மேற்கிலிருந்து படகுகள் வந்து ஒதுங்காதவாறு கரையோர ஊர்மக்களே காவல் காத்தனர். அங்கு இன்ஃபுளுவென்சாவால் ஒருவரும் இறக்கவில்லை. உறவினரின் படகையும் கரையேற விடாது திருப்பியனுப்பும் கட்டளையை ஊர்மக்களே நிறைவேற்றினர் என்பது இதில் கருதத்தக்கது. கடற்படையின் ஆணை மட்டும் நீண்ட கடற்கரை முழுவதையும் காத்திருக்க இயலாது. எனவே 1918ஆம் ஆண்டின் வெற்றியை எல்லை அடைப்பின் வெற்றியாக மட்டும் எண்ணுதல் பொருந்தாது; அது மக்களின் ஒத்துழைப்பால் இயன்ற எல்லை அடைப்பு.

பிஜியின் நிலை இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. அங்கும் நோய் நுழைந்து மக்கள்தொகையில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினர் இறந்தனர். மருத்துவப் பள்ளியும் துறைமுகக் காப்பு மரபும் உடைய தீவும் முற்றிலும் தப்பவில்லை. ஆயினும் மேற்குச் சமோவாவின் இழப்பு விகிதத்தோடு ஒப்பிட இது நான்கில் ஒரு பங்கே. தீவின் பரப்பு, ஊர்களின் சிதறல், முன்னை நோய்களின் வரலாறு எனப் பல காரணங்கள் இவ்வேறுபாட்டில் கலந்திருக்கக்கூடும் ஆதலின், அதனைப் பயிற்சி பெற்ற பணியாளர்களுக்கே முழுவதும் உரித்தாக்குதல் மிகைக்கூற்றாகும்.

1919இல் நியூசிலாந்து அமைத்த விசாரணைக் குழு, நோய் தலூன் கப்பலின் வழி வந்ததை உறுதிசெய்து நிர்வாகத்தின் குறைகளைச் சுட்டியது. குடும்பத் தலைவர்களாகிய மத்தாய்மார் பலரை இழந்த சமூகம் அதனை மறக்கவில்லை. 1920களில் வலுப்பெற்ற மாவு என்னும் விடுதலை இயக்கத்தின் குறைமுறையீடுகளுள் இன்ஃபுளுவென்சா இறப்புகளும் அடங்கும். 2002 சூனில் நியூசிலாந்துப் பிரதமர் எலன் கிளார்க் அப்பியாவில் இதற்காக முறையாக மன்னிப்புக் கோரினார். ஒரு துறைமுக மருத்துவப் பரிசோதனையின் பிழை 84 ஆண்டுகள் இரு நாட்டு உறவில் நின்றது.

6. மகளிர் குழுக்கள்: ஊர்மட்ட அமைப்பு

1918க்குப் பின் மேற்குச் சமோவாவில் உருவான நலவாழ்வு அமைப்புகளுள் மிகுந்த பயன் விளைத்தவை ஊர் மகளிர் குழுக்கள். 1920களில் நியூசிலாந்து நலவாழ்வுத் துறையின் ஊக்கத்தால் இவை ஊர்தோறும் அமைக்கப்பட்டன. எனினும் இவற்றின் வலிமை துறையின் ஆணையிலிருந்து வரவில்லை. மத்தாய்மாரின் மனைவியர், ஊரின் மகளிர் ஆகியோரிடையே முன்பே நிலவிய மதிப்பு வரிசையின்மீது அவை கட்டப்பட்டிருந்தன. வீடுகளின் தூய்மை, குடிநீர், கழிப்பிடம், கொசுவலை ஆகியவற்றைக் குழுவினர் சுற்றிவந்து பார்த்தனர். மாவட்டச் செவிலியர் வரும் நாளில் தாய்மார்கள் குழந்தைகளைக் குழுக் கூடத்திற்குக் கொண்டுவந்து எடை பார்த்தனர். விதிமீறிய வீட்டிற்குக் குழுவே தண்டம் விதித்தது.

மாவு இயக்கக் காலத்தில் ஆட்சியைப் புறக்கணித்தபோது இக்குழுக்கள் பலவும் அதில் பங்கு கொண்டன. அரசுக்கு எதிராகவும் திரும்பக்கூடிய அமைப்பாக இருந்தமையே அவை மக்களின் அமைப்பாக இருந்தமைக்குச் சான்று. 1962 சனவரி 1 அன்று சமோவா விடுதலை பெற்றபின்னும் அவை தொடர்ந்தன. 1978இல் அல்மா ஆட்டா மாநாடு அறிவித்த முதனிலை நலவாழ்வுக் கோட்பாடு, சமோவாவின் ஊர்மகளிர் அரை நூற்றாண்டாகச் செய்துவந்த பணியோடு பெரிதும் ஒத்திருந்தது.

பிற்காலத்தில் மருத்துவமனை சார்ந்த சேவை வளர வளர, ஊர்க்குழுவுக்கும் செவிலியருக்கும் இருந்த பிணைப்புத் தளர்ந்தது. 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி நலவாழ்வு அமைச்சகமும் சேவை வழங்கும் நிறுவனமும் தனித்தனியாக்கப்பட்டன. 2019இல் அவை மீண்டும் இணைக்கப்பட்டன. ஒழுங்குபடுத்துவோரையும் சேவை வழங்குவோரையும் பிரித்தல் பெரிய நாடுகளின் நிர்வாகச் சீர்திருத்தங்களில் வழக்கமானது. இரண்டு இலட்சம் மக்களே உள்ள நாட்டில் அதே பிரிவு, ஏற்கெனவே அரிதாக இருந்த பணியாளர்களை இருவேறு அமைப்புகளில் பங்கிட்டது.

7. 2019: மீண்டும் தட்டம்மை

2018 சூலையில் சவாயி தீவின் மருத்துவமனை ஒன்றில் தட்டம்மைத் தடுப்பூசி செலுத்தப்பட்ட இரு குழந்தைகள் சில நிமிடங்களில் இறந்தனர். தடுப்பூசி மருந்தில் குறையில்லை. அதனைக் கரைப்பதற்குரிய நீர்மத்துக்கு மாறாகக் காலாவதியான மயக்கமருந்து கலக்கப்பட்டதே காரணம் எனப் பின்னர்த் தெளிவாயிற்று. ஆனால் அத்தெளிவு ஏற்படுவதற்குள் அரசு தடுப்பூசித் திட்டத்தைப் பல மாதங்கள் நிறுத்தியது. தடுப்பூசியே கொல்லும் என்ற செய்தி சமூக ஊடகங்களில் பரவியது. முதல் தவணை பெறும் குழந்தைகளின் அளவு அவ்வாண்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சரிந்தது.

2019இல் ஆக்லாந்து நகரில் தட்டம்மை மிகுந்தது. அங்கிருந்து வந்த பயணியின் வழி நோய் சமோவாவில் நுழைந்திருக்கலாம் எனக் கருதப்படுகிறது. அக்டோபரில் நோய்ப்பரவல் அறிவிக்கப்பட்டது. நவம்பர் 15 அன்று நெருக்கடி நிலை நடைமுறைக்கு வந்தது. 5,700 பேருக்கு நோய் கண்டது; 83 பேர் இறந்தனர். அவருள் பெரும்பாலோர் ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகள்.

இங்கும் அண்டைத் தீவுகளுடனான ஒப்பீடு உண்மையைத் தெளிவாக்குகிறது. அதே ஆண்டில் தொங்காவிலும் பிஜியிலும் அமெரிக்கச் சமோவாவிலும் தட்டம்மை நுழைந்தது. அங்கெல்லாம் ஒருவரும் இறக்கவில்லை. அத்தீவுகளில் தடுப்பூசி பெற்றோர் அளவு உயர்ந்திருந்தது. நான்கு நாடுகளுக்கும் நோய் ஒன்றே. திறந்திருந்த வாயிலும் ஒன்றே. வேறுபட்டது உள்நாட்டின் ஆயத்தம். 1918இல் மேற்குச் சமோவாவைக் கைவிட்டது துறைமுகம். 2019இல் கைவிட்டது ஊசி போடும் அறைக்கும் தாய்க்கும் இடையிலான நம்பிக்கை.

மீட்பும் ஊர்களிலிருந்தே வந்தது. 2019 டிசம்பர் 5, 6 ஆகிய இரு நாள்களில் அரசு அலுவலகங்கள் மூடப்பட்டன. தடுப்பூசி பெறாதோர் உள்ள வீட்டின் முன் சிவப்புத் துணி கட்டுமாறு குடும்பங்கள் கேட்டுக்கொள்ளப்பட்டன. பணியாளர்கள் வீடுவீடாகச் சென்றனர். அயல்நாட்டு மருத்துவக் குழுக்களின் துணையும் கிடைத்தது. மாத இறுதிக்குள் உரியோருள் ஏறத்தாழ 95 விழுக்காட்டினர் தடுப்பூசி பெற்றனர். அமைப்புக்கு அத்திறன் இருந்தது; 83 உயிர்கள் போகும் முன் அது இயக்கப்படவில்லை என்பதே இந்நிகழ்வின் வேதனை.

8. கோவிட்: ஈட்டிய காலத்தின் பயன்

மூன்று மாதங்களுக்குள் கோவிட் வந்தது. 2020 மார்ச்சில் சமோவா எல்லையை அடைத்தது. நாட்டினுள் சமூகப் பரவல் 2022 மார்ச் வரை நிகழவில்லை. இவ்விரண்டாண்டு இடைவெளியில் தடுப்பூசி உருவாக்கப்பட்டு, தீவுக்கும் வந்து சேர்ந்தது. 2019இல் கையாண்ட வீடுவீடாகச் செல்லும் முறை மீண்டும் பயன்பட்டது. பரவல் தொடங்கியபோது வயதுவந்தோருள் மிகப் பெரும்பாலோர் தடுப்பூசி பெற்றிருந்தனர். இறப்பு 30 அளவில் நின்றது.

பிஜியில் 2020 மார்ச்சில் முதல் நோயாளி கண்டறியப்பட்டார். அம்முதல் அலை அடக்கப்பட்டது. 2021 ஏப்ரலில் டெல்டா வகை தனிமை முகாமைக் கடந்து பரவியபோது தடுப்பூசிப் பணி தொடக்க நிலையில் இருந்தது. 800-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இரு நாடுகளும் எல்லையை அடைத்தன. அடைப்பு ஈட்டித் தந்த காலம் தடுப்பூசி வந்தடையும்வரை நீடித்ததா என்பதில்தான் அவை வேறுபட்டன.

எல்லை அடைப்புக்கு விலையும் உண்டு. சுற்றுலா வருவாய் அற்றது; உயர்சிகிச்சைக்கு அயல்நாடு செல்லவேண்டிய நோயாளிகள் தேங்கினர்; அயல்நாட்டில் வேலைசெய்தோர் வீடு திரும்ப இயலாமற் காத்திருந்தனர். சருக்கரை நோய், இதய நோய் ஆகிய தொற்றா நோய்களே பசிபிக் தீவுகளில் இறப்பின் முதற்காரணம் ஆதலின், அடைக்கப்பட்ட எல்லைக்குள்ளும் இறப்பு தொடர்ந்தது.

9. திட்டமிடலுக்கான வரலாற்றுப் படிப்பினைகள்

மேற்கண்ட நிகழ்வுகளிலிருந்து நான்கு கருத்துகள் பெறப்படுகின்றன.

முதலாவது, துறைமுகக் காப்பு காலத்தைப் பெறும் கருவி. லியோனிடாசு, அமெரிக்கச் சமோவா, 2020ஆம் ஆண்டின் சமோவா ஆகிய மூன்றும் அதன் பயனைக் காட்டுகின்றன. ஆனால் 1879க்குப் பின் அம்மை குத்துவோர் பயிற்சி தொடங்கியதாலும், 2020க்குப் பின் தடுப்பூசிப் பணி நடந்ததாலுமே அக்காலம் பொருளுடையதாயிற்று.

இரண்டாவது, பேணுவோர் இன்மை தனியொரு இறப்புக் காரணம். திருக்குறளின் மருந்து அதிகாரம், நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து துணைசெய்வோர் என மருத்துவத்தை நாற்கூறாகக் காண்கிறது. 1875இலும் 1918இலும் தீவுகளில் முதலில் அற்றுப்போனது நான்காம் கூறு. உள்நாட்டு மருத்துவரும் ஊர் மகளிர் குழுவும் அக்கூற்றை நிரப்பும் முயற்சிகள். இன்று அது வேறு வகையில் குறைந்துவருகிறது: எல்லைகள் திறந்தபின் பிஜியின் செவிலியர் பலர் மிகுந்த ஊதியம் நாடி ஆஸ்திரேலியா, நியூசிலாந்து சென்றனர். பயிற்சியளித்தல் தீவின் செலவு. பயன் செல்வ நாட்டுக்கு. இந்நிலையில் உள்ளூரிலேயே செவிலியரை உருவாக்கும் நிறுவனங்கள் தனி மதிப்புப் பெறுகின்றன. ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தென்னிந்தியரின் சமூகத்தினர் 1926இல் தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் இன்று லம்பாசா நகரில் செவிலியர் கல்லூரி நடத்துகிறது. நோய் கொண்டுவருவோர் எனக் கரையில் நிறுத்தப்பட்டோரின் மரபு, தீவு முழுமைக்கும் பேணுவோரை அளிக்கும் மரபாக மாறியிருப்பது இவ்வரலாற்றின் குறிப்பிடத்தக்க திருப்பம்.

மூன்றாவது, நம்பிக்கை நலவாழ்வு அமைப்பின் உள்ளுறுப்பு. 1876ஆம் ஆண்டின் மலைப்போர், மாவு இயக்கத்தின் முறையீடு, 2018க்குப் பின் தாய்மாரின் அச்சம் ஆகிய மூன்றும் நிர்வாகப் பிழையின் பின் நம்பிக்கை தகர்ந்த நிகழ்வுகள். பிழை நேர்ந்தவுடன் உண்மையை வெளிப்படையாக அறிவிப்பதும், திட்டத்தை நிறுத்த நேரின் அதனை விரைந்து மீளத் தொடங்குவதும் குளிர்பதனப் பெட்டி வாங்குவதைப் போலவே திட்டத்தில் இடம்பெற வேண்டியவை.

நான்காவது, சிறுமைக்கு விடை கூட்டுறவு. மத்திய மருத்துவப் பள்ளி காட்டிய வழியில், 1991 முதல் ஐக்கிய நாடுகள் குழந்தைகள் நிதியத்தின் கூட்டுத் தடுப்பூசிக் கொள்முதல் திட்டமும், 1996இல் தொடங்கிய பசிபிக் பொதுநலவாழ்வுக் கண்காணிப்பு வலையமும் இயங்கி வருகின்றன. 1995இல் பசிபிக் நாடுகளின் நலவாழ்வு அமைச்சர்கள் பிஜியில் கூடி நலமிகு தீவுகள் என்னும் பொதுக்குறிக்கோளை அறிவித்தனர். குழந்தை வளர்ப்பு, கற்றல், மாண்புடன் மூப்படைதல், சூழல் காப்பு ஆகியவற்றை உள்ளடக்கிய அவ்வறிக்கைக்கு, அவர்கள் கூடிய இடத்தின் பெயரால் யனுசா அறிக்கை என்று பெயர். லியோனிடாசு பயணிகள் நிறுத்தப்பட்டது அதே பெயர் தாங்கிய வேறொரு சிறுதீவு. தீவைப் பூட்டுதல் என்னும் சிந்தனையிலிருந்து தீவை வளர்த்தல் என்னும் சிந்தனைக்கு நலவாழ்வுத் திட்டமிடல் கடந்துவந்த தொலைவை இவ்விரு பெயர்களும் குறிப்பாக உணர்த்துகின்றன.

10. முடிவுரை

கோவிட்டுக்குப் பின் சிறுதீவு நாடுகளுக்கென வரையப்படும் திட்டங்களில் எல்லைச் சட்டம், ஆய்வகம், மருத்துவமனைக் கட்டடம் ஆகியவை முதலிடம் பெறுதல் இயல்பே. அவை நிதியுதவி அளிப்போருக்குக் கண்ணில் தெரிபவை, குறித்த காலத்தில் முடிபவை. பிஜி, சமோவா வரலாறு அவற்றின் தேவையை மறுக்கவில்லை. ஆனால் 1885ஆம் ஆண்டின் எளிய பயிற்சிப் பள்ளியும் 1920களின் ஊர்க்கூடங்களும் தாம் தோன்றிய கால ஆட்சிகள் மறைந்தபின்னும் நின்று பயன்பட்டன என்பதை அது காட்டுகிறது. 2018இல் ஒரு குப்பி மருந்தின் மாற்றத்தால் தகர்ந்த நம்பிக்கையை எந்த எல்லைக் காவலும் ஈடுசெய்யவில்லை என்பதையும் அதே வரலாறு காட்டுகிறது. அடுத்த கொள்ளைநோய் எந்தக் கப்பலில், எந்த விமானத்தில் வரும் என்பதை எந்தத் திட்டமும் முன்னறிய இயலாது. அது வந்திறங்கும் நாளில் ஒவ்வோர் ஊரிலும் நோயாளியின் அருகில் இருக்கப்போவது யார், அவருடைய சொல்லை அவ்வூர் நம்புமா என்பவற்றை இன்றே முடிவு செய்ய இயலும்.